உப்புக்குக் கணக்கு: சாயப்பட்டறையில் சுற்றுச்சூழல் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சுற்றுச்சூழல் பொறுப்பாளராகவோ இ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) இன்சார்ஜாகவோ சேருகிறவர் முதல் நாள் நேராகப் போய் நிற்பது சுத்திகரிப்பு நிலையத்தில்தான். போக வேண்டிய இடம் அதுவல்ல. கழிவுநீர் அங்கே வந்து சேர்கிறது, அவ்வளவுதான்; உருவாவது சாய மெஷினில். முதல் ஒரு வாரம் மெஷின் ஓட்டுபவரோடு இருங்கள். சுத்திகரிப்பு நிலையம் எங்கும் ஓடிப்போகாது.

காரணம் உப்பு. நிறத்தை உடைக்கலாம், கரிமப் பொருளை நுண்ணுயிர் தின்றுவிடும், பஞ்சை வலை போட்டுப் பிடிக்கலாம். கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. பிரித்தெடுத்துக் காய்ச்சும் வரை தண்ணீரோடே சுற்றிக்கொண்டிருக்கும். நொய்யலைக் கெடுத்ததில் பெரும் பங்கு அதற்குத்தான். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போக, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச்சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. இன்று நீங்கள் பார்க்கப் போகும் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ ஏற்பாடு முழுவதும் அதன் விளைவு.

இதற்கெல்லாம் அடிப்படையான இரண்டு கோட்பாடுகள், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பதும் கெடும் முன்பே தடுக்க வேண்டும் என்பதும், இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில். நிலைத்த வளர்ச்சி என்ற சொல் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பட்டறைக்குள் இந்த இரண்டும் கிலோவும் லிட்டருமாகத்தான் வந்து நிற்கும்.

முதல் வேலை: ஒரு பேட்சோடு கூடவே இருங்கள்

டார்க் ஷேடு (அடர்நிறம்) ஓடும் ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷினைத் தேர்ந்தெடுங்கள். 300 கிலோ பனியன் துணி, எம்.எல்.ஆர்., அதாவது துணி எடைக்குத் தண்ணீரின் விகிதம், ஒன்றுக்கு ஏழு என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினை ஒருமுறை நிரப்ப, தண்ணீர் 2,100 லிட்டர். பிளீச்சிங், ஹாட் வாஷ், பெராக்சைடு நீக்கம், சாயம், இரண்டு வாஷ், ஆசிட் வாஷ், இரண்டு சோப்பிங், கடைசி வாஷ், ஃபிக்ஸிங் என்று பத்துப் பதினொரு பாத் போகும். இரண்டாவது பாத்திலிருந்து, ஈரத்துணி பிடித்துவைக்கும் 750 லிட்டர் போக, புதிதாக நிரப்புவது 1,350 லிட்டர்தான்; மொத்தம் ஏறத்தாழ 15 கிலோ லிட்டர். கிலோ துணிக்கு ஏறத்தாழ 50 லிட்டர்.

இப்போது உப்பு. லிட்டருக்கு 70 கிராம் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போட்டால் 147 கிலோ. சோடா ஆஷ் லிட்டருக்கு 20 கிராம் என்றால் 42 கிலோ. ஆக 189 கிலோ. துணி இதில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு துணை நிற்கிறது, வேலை முடிந்ததும் அப்படியே வடிந்துவிடுகிறது.

எந்த வடிப்பில் எவ்வளவு போகிறது என்பதுதான் விஷயம். வடித்த பிறகும் ஈரத்துணி கிலோவுக்கு இரண்டரை லிட்டர் அளவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 300 கிலோவுக்கு 750 லிட்டர். அதனால் சாய பாத்தை வடித்தால் 1,350 லிட்டர்தான் வெளியே வரும், அதோடு உப்பில் 64 சதவீதம். மறுபடி 2,100க்கு நிரப்பி முதல் வாஷை வடிக்கும்போது இன்னொரு 23 சதவீதம். இரண்டு வடிப்பிலேயே 189இல் ஏறத்தாழ 165 கிலோ வந்துவிட்டது. தண்ணீரோ 15 கிலோ லிட்டரில் வெறும் 2.7.

இந்த 2.7ஐத் தனிக் குழாயில் தனித் தொட்டிக்குக் கொண்டுபோனால், மிச்சமுள்ள 12 கிலோ லிட்டரில் நீங்கள் போட்ட உப்பு 24 கிலோதான் இருக்கும். கலந்துவிட்டால் மொத்தத் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 12,000 மில்லிகிராமைத் தாண்டும்; அவ்வளவையும் ஆர்.ஓ.வில் (உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடும் சவ்வில்) அழுத்தித் தள்ளிக் கடைசியில் காய்ச்சவும் வேண்டும். மெஷினுக்கு இரண்டு வடிகால் வால்வு இருக்கிறதா என்று முதல் நாளே குனிந்து பாருங்கள். பல இடங்களில் இருக்கும், ஆனால் ராத்திரி ஷிப்டில் சாய பாத்தையும் சாதா வாஷ் வாய்க்காலிலேயே திறந்துவிடுவார்கள், அது பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக. வால்வுக்குச் சிவப்புப் பெயிண்டும் பச்சைப் பெயிண்டும் அடித்துவையுங்கள். எந்த பாத் எந்த வால்வு என்பதை பேட்ச் கார்டிலேயே அச்சடித்துவிட்டால் தகராறு குறையும்.

இரண்டாவது: அளக்கும் கருவிகளும் நோட்டும்

பெரிய லேப் தேவையில்லை. பி.எச். மீட்டர், டி.டி.எஸ். பேனா, வெப்பமானி, ஒரு லிட்டர் அளவுக் குடுவை நான்கு, பெராக்சைடு பார்க்கும் ஸ்டிரிப், குளோரின் பார்க்கும் கிட். இவை போதும்.

டி.டி.எஸ். பேனாவில் ஒரு சிக்கல். மலிவான பேனா பத்தாயிரத்துக்கு மேல் காட்டாது. சாய பாத்தோ 80,000, 90,000 இருக்கும். 50 மில்லி எடுத்து, ஆர்.ஓ. பெர்மியேட்டால் (சவ்வைத் தாண்டி வரும் நல்ல தண்ணீரால்) ஒரு லிட்டருக்கு நிரப்பி, அளந்து, இருபதால் பெருக்குங்கள். பேனா உண்மையில் அளப்பது மின்கடத்தும் திறனை. அதை ஒரு காரணியால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. அந்தக் காரணி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே மாதம் ஒருமுறை லேபில் காய்ச்சி எடை பார்த்த அளவோடு ஒப்பிட்டு, உங்கள் தண்ணீருக்கான காரணியை நோட்டில் எழுதிவையுங்கள்.

பிறகு ஃப்ளோ மீட்டர். போர்த் தண்ணீர், லாரித் தண்ணீர், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் கழிவு, ஆர்.ஓ. பெர்மியேட், ஆர்.ஓ. ரிஜெக்ட் (சவ்வில் மிஞ்சும் உப்புத்தண்ணீர்), எவாப்பரேட்டர் ஃபீட் (காய்ச்ச அனுப்புவது), கண்டன்சேட் (காய்ச்சிய ஆவி குளிர்ந்த தண்ணீர்). ஏழு இடம். காலை ஏழு மணிக்கு ஒரே ஆள், ஒரே வரிசையில் எடுக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது ஆளுக்கொரு நேரத்தில் எடுத்தால் அந்த எண்களைக் கூட்டவும் முடியாது கழிக்கவும் முடியாது.

மூன்றாவது: இரண்டு கணக்கு

தண்ணீர்க் கணக்கு எளிது. பிழிந்த துணியில் போகும் ஈரம், பாய்லர் நீராவி, ஸ்லட்ஜ் (சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறு) ஈரம், ஆள் புழக்கம் தவிரத் தண்ணீர் எங்கும் போக வழியில்லை. 100 கிலோ லிட்டர் கழிவு வந்தால் பெர்மியேட்டும் கண்டன்சேட்டுமாக 90க்கு மேல் திரும்பியிருக்க வேண்டும். அப்படியும் தினம் முப்பது கிலோ லிட்டர் புதுத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையில்லை என்றால் மீட்டர் பொய் சொல்கிறது. இரண்டுமில்லை என்றால் நீங்கள் பார்க்காத ஒரு குழாய் இருக்கிறது. மூன்றாவதை முதலில் தேடுங்கள்.

உப்புக் கணக்கில்தான் புதியவர் தடுக்கி விழுவது. மாதத் தொடக்க இருப்பு, வாங்கியது, மீட்டெடுத்தது, தொட்டியில் பிரைனாக (அடர்ந்த உப்புநீராக) நிற்பது, கலப்பு உப்பாக மூட்டையில் கிடப்பது, மாத முடிவு இருப்பு. இவற்றை ஒரே தாளில் போட வேண்டும். இதில் கிரிஸ்டலைசரிலிருந்து வரும் கிளாபர் உப்பை அப்படியே எடை போடாதீர்கள். குளிரவைத்துப் பிரியும் படிகம் ஒவ்வொன்றும் பத்து மூலக்கூறு தண்ணீரைத் தன்னோடு கட்டிக்கொண்டு வருகிறது. 322 எடையில் 142தான் உப்பு. பத்துக் கிலோ படிகம் என்றால் உண்மையான உப்பு 4.4 கிலோ. இதை விட்டுவிட்டால் மீட்பு நூறு சதவீதத்தைத் தாண்டும், மேனேஜர் சந்தோஷப்படுவார், ஆய்வுக்கு வருபவர் சிரிப்பார். சாயக்காரரும் அந்தப் படிகத்தை அதே அளவு கிராம் போட்டு ஷேடு வெளுத்துப்போனதென்று உங்களிடம்தான் வருவார்.

சாதா உப்பை விட்டுக் கிளாபர் உப்புக்குப் பட்டறைகள் போனதற்கும் இதே படிகம்தான் ஒரு காரணம். சோடியம் சல்பேட் 32 டிகிரி சுற்றளவில் மிக அதிகமாகக் கரையும்; குளிரவைத்தால் வேகமாகப் படிந்துவிடும். சாதா உப்பின் கரைதிறன் சூட்டுக்கும் குளிருக்கும் பெரிதாக மாறுவதில்லை, அதனால் குளிரவைத்துப் பிரிக்க முடியாது.

நான்காவது: மெஷினிலேயே குறைப்பது

இதில் அதிகாரம் உங்களுக்குக் குறைவு. சாய மாஸ்டரோடு பேசித்தான் ஆக வேண்டும். ரீடை (மறு சாயம்) என்று திரும்பும் ஒவ்வொரு பேட்சும் உப்பையும் தண்ணீரையும் கிட்டத்தட்ட மறுமுறை கேட்கிறது. மாதத்தில் எத்தனை பேட்ச் முதல் தடவையிலேயே ஷேடு பிடித்தது என்ற எண்ணைச் சுற்றுச்சூழல் எண்ணாக எழுத ஆரம்பியுங்கள். லேப் டிப்பும் (லேபில் போடும் மாதிரிச் சாயம்) மெஷினும் ஒரே தண்ணீரில் நடக்கிறதா என்று பாருங்கள். லேபில் கேன் தண்ணீர், மெஷினில் மீட்ட தண்ணீர் என்றால் ஷேடு ஒருநாளும் ஒத்துவராது.

வாஷில் ஓவர்ஃப்ளோ விட்டுக்கொண்டே இருப்பதைவிட நிரப்பி, ஓட்டி, வடிப்பது தண்ணீரைப் பெருமளவு மிச்சப்படுத்தும். பெராக்சைடைக் கொல்ல என்சைம் போட்டால் ஒரு ஹாட் வாஷ் மிச்சம். குறைந்த உப்பு போதும் என்று விற்கும் சாயங்கள் உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு கிலோ உப்பை மீட்க ஆகும் விறகுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகு முடிவு செய்யச் சொல்லுங்கள். துணியைச் சாயத்தில் நனைத்துப் பிழிந்து சூடில்லாமல் ஊறவைக்கும் கோல்ட் பேட் பேட்ச் முறையில் உப்பே வேண்டியதில்லை. எல்லாத் துணிக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை.

ஐந்தாவது: சுத்திகரிப்பு நிலையம், வரும் வழியிலேயே

வலை. பஞ்சு பிடிக்கும் வலையை ஷிப்டுக்கு இரண்டு முறை சுத்தம் செய்யாவிட்டால் பஞ்சு பம்ப்பில் சுற்றும், ஏரேட்டர் டிஃப்யூசரை அடைக்கும், கடைசியில் யு.எஃப். (நுண்வடிகட்டி) நாரில் போய்ச் சிக்கும். மலிவான வேலை, ஆனால் தள்ளிப்போட்டால் சேதம் அதிகம்.

சேகரிப்புத் தொட்டி. ஒருநாள் கழிவைத் தாங்கும் அளவு இருக்க வேண்டும். பிளீச்சிங் வடிப்பும் ஆசிட் வாஷும் இங்கேயே கலந்து ஒன்றையொன்று பாதி சமன் செய்துவிடும். தொட்டி சின்னதென்றால் பி.எச். ஒரு மணி நேரத்தில் 11, அடுத்த மணியில் 6 என்று ஆடும், ஆசிட் செலவு ஏறும். சூடு 40 டிகிரிக்கு மேல் இருந்தால் அடுத்த தொட்டிக்கு விடாதீர்கள்.

உயிரித் தொட்டி. நுண்ணுயிரை மாட்டுமந்தை போல நினைத்துக்கொள்ளலாம்: தீனி, காற்று, பதமான சூடு. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சுற்றளவில். சாயக்கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் பற்றாக்குறை; பி.ஓ.டி. (கரிமப் பொருளைத் தின்ன நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 100க்கு தழை 5, மணி 1 என்ற விகிதத்துக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் போட வேண்டிவரும்.

தினமும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. ஏரேஷன் தொட்டி, அதாவது இந்த உயிரித் தொட்டியின் தண்ணீரை ஒரு லிட்டர் குடுவையில் நிரப்பி, ஆடாமல் முப்பது நிமிடம் வையுங்கள். பழுப்புச் சேறு கீழே இறங்கி 250 முதல் 350 மில்லிக்குள் நின்று, மேல்தண்ணீர் சாயம் ஏறியிருந்தாலும் தெளிவாக இருந்தால் மந்தை நலம். 600க்கு மேல் பஞ்சுமிட்டாய் மாதிரி உப்பி நின்றால் இழைநுண்ணுயிர் பெருகிவிட்டது. காற்றையும் சத்தையும் பாருங்கள். மேல்தண்ணீர் கலங்கி ஊசித்துகள் மிதந்தால் ஏதோ நஞ்சு வந்திருக்கிறது. பெரும்பாலும் அது பெராக்சைடு மிச்சம். ஸ்டிரிப்பை எடுத்துக்கொண்டு பிளீச்சிங் மெஷினுக்குத் திரும்பிப் போங்கள்.

குடுவையைப் பார்த்து நேரத்தோடு கைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்ல பழக்கம். எண் பொய்யாக எழுதப்படலாம், படம் அப்படியல்ல.

ஆர்.ஓ. இதன் முன்னால் நிற்கும் மணல் வடிகட்டி, ரெசின், யு.எஃப். எல்லாமே மெம்பரேனை (ஆர்.ஓ. சவ்வை) காப்பாற்றத்தான். நிறம் போக்கக் குளோரின் போட்டிருந்தால் மிச்சக் குளோரின் பூஜ்யம் என்று கிட்டில் பார்த்த பிறகே ஆர்.ஓ.வுக்கு விட வேண்டும். குளோரினைக் கொல்லும் சோடியம் மெட்டாபைசல்பைட்டை விடும் டோசிங் பம்ப் காற்றடைத்து நின்ற ஒரு ராத்திரியிலேயே மெம்பரேன் அரிக்கப்படும். அரித்த மெம்பரேனைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. பெர்மியேட் அளவு குறைந்தால் அடைப்பு, கழுவுங்கள். பெர்மியேட் அளவும் டி.டி.எஸ்.ஸும் சேர்ந்து ஏறினால் மெம்பரேன் போய்விட்டது, மாற்றுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு போன மெம்பரேனுக்கு ஆசிட் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆறாவது: காய்ச்சும் செலவு

ரிஜெக்ட்டை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறோம். ஒரே சட்டியில் காய்ச்சினால் ஒரு கிலோ லிட்டருக்கு ஒரு டன் நீராவிக்குக் குறையாது. நான்கு கட்ட எவாப்பரேட்டரில் ஏறத்தாழ 300 கிலோ. ஒரு கிலோ விறகு மூன்றரைக் கிலோ நீராவி தரும் என்று வைத்தால் கிலோ லிட்டருக்கு 85 கிலோ விறகு.

நாளுக்கு 100 கிலோ லிட்டர் கழிவு, ஆர்.ஓ. மீட்பு 85 சதவீதமென்றால் 15 கிலோ லிட்டர் காய்ச்ச வேண்டும், விறகு 1.3 டன். மீட்பு 90 ஆனால் 0.85 டன். ஐந்து சதவீத வித்தியாசம் மாதத்துக்குப் பன்னிரண்டு டன் விறகுக்கு மேல். ஆற்றைக் காப்பாற்றக் காட்டை எரிக்கிறோமே என்று கேட்பவருக்கு நேர்மையான பதில், ஆமாம், அதனால்தான் முதல் பகுதியில் சொன்ன 2.7 கிலோ லிட்டர் இவ்வளவு முக்கியம். அந்தப் பிரைனை நிறம் நீக்கி, கடினத்தன்மை எடுத்து, நேரே அடுத்த சாய பாத்துக்கே கொடுத்துவிட்டால் அதைக் காய்ச்சவே வேண்டாம். கடினத்தன்மை மிச்சமிருந்தால் துணியில் திட்டு விழும். முதலில் கறுப்பு, நேவி போன்ற ஷேடுகளில் போட்டுப் பாருங்கள்.

ஏழாவது: ஆளைக் கொல்வது

இதை ஏழாவதாக எழுதியிருக்கிறோம். நீங்கள் முதல் நாளே படிக்க வேண்டும். சேகரிப்புத் தொட்டியிலும் ஸ்லட்ஜ் குழியிலும் இறங்கியவர்கள் மூச்சடைத்து இறந்த சம்பவங்கள் திருப்பூர் வட்டாரத்திலேயே உண்டு. சல்பேட் உப்பு கலந்த தண்ணீர் காற்றில்லாமல் தேங்கினால் நுண்ணுயிர் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அதாவது நீங்கள் மீட்கப் பாடுபடும் அதே கிளாபர் உப்புதான் குழிக்குள் நஞ்சாக நிற்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றது, இறங்கலாம் என்று நினைப்பதுதான் பலரின் கடைசி நினைப்பு.

இறங்காமல் வெளியிலிருந்தே பம்ப்பால் எடுப்பது முதல் வழி. இறங்கியே ஆக வேண்டுமானால்: எழுத்தில் அனுமதி, ஊதுகாற்று, கயிற்றில் இறக்கிய கேஸ் மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல், ஹைட்ரஜன் சல்ஃபைடு காட்டாமல், இடுப்பில் கட்டிய கயிறு மேலே முக்காலியில், குழியின் வாயில் இரண்டு ஆள். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலே இருப்பவர் குதிக்கக்கூடாது. கயிறு இல்லாத இடத்தில்தான் ஒன்றுக்கு மூன்றாகச் சாகிறார்கள்.

கெமிக்கல் கிடங்கில் ஆசிட்டும் ஹைப்போவும் (குளோரின் பிளீச்) ஒரே தடுப்புக்குள் இருக்கக்கூடாது, கலந்தால் குளோரின். ஹைட்ரோஸ் (சாயம் உரிக்கும் பொடி) டின்னில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதன் மேலே ஒழுகும் கூரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாவது: காகிதம்

சுருக்கமாகச் சொல்கிறோம். சாயப்பட்டறை சிவப்பு வகைத் தொழில். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் (இசைவாணை) வேண்டும். அதில் எழுதிய நாள் உற்பத்தியும் கழிவு அளவும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று முதல் மாதமே சரிபாருங்கள். மெஷின் கூட்டிவிட்டுக் கன்சென்ட்டைப் பழைய அளவிலேயே விட்டிருப்பார்கள். ஸ்லட்ஜ் அபாயகரக் கழிவு; கூரையுள்ள, தரை போட்ட இடத்தில் 90 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, அனுப்பும்போது படிவம் 10. அதன் ஆண்டுக் கணக்கு படிவம் 4 ஜூன் 30க்குள். சுற்றுச்சூழல் அறிக்கை படிவம் 5 செப்டம்பர் 30க்குள். ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் பையர் கேட்டால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன கணக்குகள் ஓராண்டு நேர்மையாக இருந்தால் அதில் பாதி வேலை முடிந்தது.

மழைக்கு முன்னால்

ஜீரோ டிஸ்சார்ஜ் உடைவது பெரும்பாலும் மழை ராத்திரியில்தான். 2,000 சதுர மீட்டர் கூரையும் முற்றமும் உள்ள பட்டறையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 கிலோ லிட்டர். அது கழிவு வாய்க்காலில் இறங்கினால் ஒருநாள் கழிவு இரண்டு நாள் கழிவாகிவிடும், தொட்டி நிரம்பும், யாராவது வால்வைத் திறப்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, ஒவ்வொரு கூரைக்குழாயின் அடியிலும் ஒரு வாளி சாயத்தண்ணீர் ஊற்றி அது எங்கே போய் வெளிவருகிறது என்று பாருங்கள். கழிவு வாய்க்காலில் வந்தால் அந்தக் குழாயை மாற்றுங்கள். வெளியே மழைநீர் வாய்க்காலில் வந்தால் அந்தக் குழாய் சரி. ஊற்றிய சாயம் சுவர் தாண்டுமுன் வாய்க்காலின் கடைசியில் மணல்மூட்டை போட்டுத் தடுத்து, அள்ளி, சேகரிப்புத் தொட்டியில் விட்டுவிட்டு அடுத்த குழாய்க்குப் போங்கள்.